சாப்ட்வேர் நின்றால் பாட்டும் நிற்பதா?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் பெரியபாளையம் இரவிலும் தூங்குவதில்லை. மாட்டு வண்டி, டிராக்டர், வேன், பஸ் என்று கிடைத்ததில் ஏறி ஜனங்கள் வந்து குவிகிறார்கள். ஆரணி ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டிப் பொங்கல் வைக்கிறார்கள். வேப்பஞ்சேலை கட்டிப் பவானி அம்மனை வலம் வருகிறார்கள். ஒரு பக்கம் பம்பை. ஒரு பக்கம் உடுக்கை. இத்தனைக்கும் மேலே ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு!

அந்தப் பாட்டுகள் எங்கே பதிவாகின்றன தெரியுமா? எல்.ஆர்.ஈசுவரி பாடிய அம்மன் பாட்டுகளைப் பெரிய கம்பெனிகள் இசைத்தட்டிலும் கேசட்டிலும் வெளியிட்டன. அது அந்தக் காலம். இப்போது ஒரு பாட்டைப் பதிவு செய்ய சென்னைக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. ஒரு சின்ன அறை போதும். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், காதில் மாட்டும் கருவி ஒன்று. சுவரில் முட்டை அட்டை ஒட்டியிருந்தால் அது சற்று வசதியான அறை! கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வருகிற ஒரு தொழிலாளி, ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த அறையில் உட்கார்ந்து தன் ஊர் அம்மனுக்கு ஒரு பாட்டுப் பாடிப் பதிவு செய்துவிடலாம்.

இந்த வேலையைச் செய்து கொடுப்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு சாப்ட்வேர். அந்தச் சாப்ட்வேரைச் செய்த கம்பெனி, “இனி இதை நடத்தமாட்டோம்” என்று ஒரு நாள் சொல்லிவிட்டால்?

சொல்லிவிட்டது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை!

“கேக்வாக்” கதை

அந்தச் சாப்ட்வேரின் பெயர் கேக்வாக். 1987-ம் ஆண்டு கிரெக் ஹெண்டர்ஷாட் என்ற அமெரிக்கர் அதை உண்டாக்கினார். பிறகு 2001-ல் “சோனார்” என்ற பெயரில் அது பெரிதாக வளர்ந்தது. உலகம் முழுவதும் வீட்டில் உட்கார்ந்து இசை அமைப்பவர்களுக்கு அது பழக்கமான கருவி.

2008-ல் ஜப்பான் நாட்டு ரோலண்டு கம்பெனி அதைத் தன் கைக்குள் கொண்டு வந்தது. 2013-ல் கிட்டாருக்குப் பேர்போன கிப்சன் கம்பெனி அதை வாங்கியது. 2016-ல் ஓர் அறிவிப்பு வந்தது. “இப்போது வாங்குங்கள். ஆயுள் முழுவதும் புதிய பதிப்புகள் இலவசம்” என்றார்கள். பலர் வாங்கினார்கள். 2017 நவம்பரில் இன்னோர் அறிவிப்பு வந்தது. கேக்வாக் வேலைகளை நிறுத்திவிட்டார்களாம்!

ஆயுள் முழுவதும் என்றார்களே, யாருடைய ஆயுள்? வாங்கியவருடைய ஆயுளா, சாப்ட்வேருடைய ஆயுளா? இதைக் காசு கொடுப்பதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் யார் பதில் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். 1902-ல் நிறுவப்பட்ட அந்தக் கிப்சன் கம்பெனியே 2018 மே மாதம் கடன் சுமை தாங்காமல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனது. கிட்டார் பிழைத்துக்கொண்டது. சோனார் தெருவில் நின்றது.

அப்போது சிங்கப்பூரில் இருந்து ஒரு கை நீண்டது. பேண்ட்லேப் என்ற கம்பெனி 2018 பிப்ரவரியில் கேக்வாக்கை வாங்கியது. ஏப்ரல் மாதத்தில் அதை எல்லோருக்கும் இலவசமாகவே கொடுத்தது. முன்பு பல நூறு டாலர் விற்ற சரக்கு சும்மா கிடைத்தது என்றால் கேட்கவேண்டுமா? சிறு பதிவறை வைத்திருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

2023-ல் மறுபடியும் பேச்சு மாறியது. புதிய சோனார் வரப்போகிறது, பழைய இலவசக் கேக்வாக் போகப்போகிறது என்றார்கள். 2025-ல் பழையதற்கு முடிவு வந்தது. புதிய சோனாரில் இலவசமாகப் பயன்படுத்தும் ஒரு பகுதியும், பணம் கட்டினால் திறக்கும் பகுதிகளும் வைத்தார்கள். பழைய பாட்டுக் கோப்புகளைப் புதிய சோனார் திறக்கும். அந்த மட்டில் பேண்ட்லேப்பைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இருபத்தைந்து வருஷம் ஒரே கருவியில் கை பழகியவர், பத்து வருஷத்துக்குள் இரண்டு தடவை “அடுத்து என்ன?” என்று விழித்துக்கொண்டு நின்றார் அல்லவா? அவருடைய கஷ்டம்தான் இங்கே விஷயம்.

இது ஒரு கம்பெனியின் தனிக் கதை என்று நினைக்காதீர்கள். கிப்சன் 1998-ல் வாங்கிய ஆப்கோட் என்ற இசைச் சாப்ட்வேர் கம்பெனியின் வேலைகள் 1999-லேயே நின்றன. ஜெர்மனியின் எமாஜிக் கம்பெனியை 2002 ஜூலையில் ஆப்பிள் வாங்கியது. எமாஜிக்கின் “லாஜிக்” சாப்ட்வேர் விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதே ஆண்டு செப்டம்பரோடு சரி. அதன் பிறகு லாஜிக் வேண்டும் என்றால் ஆப்பிள் கம்ப்யூட்டர் வாங்கு என்று ஆகிவிட்டது. “கூல் எடிட்” என்று ஒன்று இருந்தது. 2003-ல் அடோபி வாங்கி “ஆடிஷன்” என்று பெயர் மாற்றியது. வீட்டுக்காரர் மாறினால் வாடகையும் மாறும், சாவியும் மாறும்.

பாட்டு எங்கே சிக்குகிறது?

சாப்ட்வேர் போனால் வேறு சாப்ட்வேர் எடுத்துக்கொள்ளலாமே, இதற்கு ஏன் இத்தனை கவலை என்று வீட்டுப் பெண்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கலியாண வீட்டுச் சமையலை நினைத்துப் பாருங்கள். சாம்பார் ஒரு அண்டாவில், ரசம் ஒரு அண்டாவில், பொரியல் ஒரு வாணலியில். எல்லாம் இலைக்கு வந்த பிறகுதான் விருந்து. பாட்டும் அப்படித்தான். பாடகர் குரல் ஒரு தடத்தில் இருக்கும். பம்பை ஒரு தடத்தில். உடுக்கை, சிலம்பு, கீபோர்டு, கோரஸ் எல்லாம் தனித்தனித் தடங்கள். கடைசியில் எல்லாவற்றையும் அளவோடு கலந்து ஒரே பாட்டாக்குகிறார்கள்.

ஒலிபெருக்கியில் நாம் கேட்பது இலையில் விழுந்த விருந்து. அது எம்.பி.3 ஆக எந்த டெலிபோனிலும் ஒலிக்கும். ஆனால் அண்டாக்கள் எல்லாம் பூட்டிய சமையல் அறைக்குள்ளே இருக்கின்றன. எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு சத்தம், எதற்கு எவ்வளவு எதிரொலி என்ற கணக்கெல்லாம் அந்தச் சாப்ட்வேர் மட்டுமே படிக்கும் கோப்பில் எழுதப்பட்டிருக்கிறது. கேக்வாக் கோப்பை வேறு கம்பெனி சாப்ட்வேர் படிக்காது. அறைச் சாவி கம்பெனியிடம்!

இதனால் என்ன நஷ்டம்? ஒரு பாட்டி பாடிய தாலாட்டைப் பதிவு செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி காலமாகிவிட்டார். பின்னால் வைத்த கீபோர்டு சத்தம் இன்றைக்குக் கேட்டால் காதைக் குத்துகிறது. அதை எடுத்துவிட்டுப் பாட்டியின் குரலை மட்டும் கேட்க ஆசை. கோப்பு திறந்தால் முடியும். திறக்காவிட்டால் பாட்டியின் குரல் கீபோர்டோடு ஒட்டிக்கொண்டு போனது போனதுதான். பம்பை அடிக்கிற முதியவர்கள் பலருக்கு வாரிசு இல்லை. அவர்கள் கைத்தாளம் தனித் தடத்தில் இருந்தால் நாளைக்கு ஒரு சிறுவன் கேட்டுப் பழகலாம். பெரிய கம்பெனிகள் கைமாற்றி விளையாடும் விளையாட்டில், இந்த மாதிரிக் கைத்தாளங்கள் காணாமற்போவதை நாம் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

கேசட் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கண்டுபிடித்தது. மற்றக் கம்பெனிகளும் அதே அளவில் செய்துகொள்ள இடம் கொடுத்தது. அதனால் எந்தக் கம்பெனி கேசட்டும் எந்தக் கம்பெனிப் பெட்டியிலும் பாடியது. கேசட் விற்ற கடை மூடிப் பல வருஷம் ஆன பிறகும் வீட்டில் இருக்கும் கேசட் பாடுகிறது. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றிச் சரி செய்துகொண்டோம்!

இன்னோர் உதாரணம் இன்னும் அழகானது. கீபோர்டும் கம்ப்யூட்டரும் தமக்குள் பேசிக்கொள்ள “மிடி” என்று ஒரு பொது மொழி இருக்கிறது. 1983-ல் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குதாரோ காகெஹாஷியும் முன்னின்று, போட்டிக் கம்பெனிகளையும் சேர்த்துக்கொண்டு அதைக் கொண்டு வந்தார்கள். டேவ் ஸ்மித்தின் கம்பெனி 1987-லேயே மூடிவிட்டது. அவர் உண்டாக்கிய மொழியோ நாற்பது ஆண்டு தாண்டியும் எல்லாக் கீபோர்டிலும் உயிரோடு இருக்கிறது. கம்பெனி போனாலும் பொது மொழி போகாது. புதிய சாப்ட்வேர் தேடுகிறவர் பார்க்கவேண்டிய முதல் குணம் இது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

“ஏ.ஆர்.ரகுமான் லாஜிக் வைத்திருக்கிறார். நானும் லாஜிக் வாங்குகிறேன்” என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அவர் ரோஜாவுக்கு இசை அமைத்தது 1992-ல். கருவி மாறிக்கொண்டே இருக்கிறது. அவர் காது அவருடையது. ராஜாவின் குதிரையை வாங்கினால் லாயம் கட்டவும் ராஜாவின் பணம் வேண்டும். உங்களிடம் இருப்பது விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் லாஜிக்கை மறந்துவிடுங்கள்.

நான் கேட்கும் முதல் கேள்வி, உள்ளே வைத்த பாட்டை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்பதே. ஒவ்வொரு தடத்தையும் தனித்தனி “வேவ்” கோப்பாக ஒரே தடவையில் வெளியே எடுக்க முடியவேண்டும். மிடியாகவும் எடுக்க முடியவேண்டும். 2023-ல் பிட்விக், பிரிசோனஸ் என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து “டா-பிராஜக்ட்” என்ற ஒரு பொதுக் கோப்பு முறையை வெளியிட்டன. அதில் எழுதிய பாட்டை, அந்த முறை தெரிந்த வேறு சாப்ட்வேரும் திறக்கும். இன்னும் எல்லோரும் ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்ட சாப்ட்வேருக்கு என் கணக்கில் பத்து மார்க் கூடுதல்.

அடுத்தது பணம். விலைக்கு வாங்குவதா, மாத வாடகையா? மாத வாடகை முதலில் இலேசாகத் தெரியும். ஆனால் நம் ஊர்ப் பதிவறைக்கு எல்லா மாதமும் வருமானம் வருவதில்லை. ஆனியிலும் ஆடியிலும் கூட்டம் நெரியும்; ஐப்பசி அடைமழையில் யார் பாட வருவார்கள்? வருமானம் இல்லாத மாதத்திலும் வாடகை கட்டவேண்டும். கட்டாவிட்டால் பூட்டு. 2023 மார்ச்சில் வேவ்ஸ் என்ற கம்பெனி, “இனி விற்பனை கிடையாது, வாடகை மட்டும்தான்” என்று அறிவித்தது. உலகம் முழுவதும் கூச்சல் எழுந்தது. சில நாட்களிலேயே பழையபடி விற்பனையும் உண்டு என்று இறங்கி வந்தது. வாடிக்கைக்காரர்கள் வாயைத் திறந்தால் பலன் உண்டு என்பதற்கு இது சாட்சி.

வாக்குக் கொடுத்துக் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். 1997-ல் “புரூட்டி லூப்ஸ்” என்று பிறந்து, இப்போது எப்.எல்.ஸ்டூடியோ என்று வழங்கும் பெல்ஜியம் நாட்டுச் சாப்ட்வேரை ஒரு தடவை வாங்கினால், வாங்கிய வகைக்குப் புதிய பதிப்புகளை இலவசமாகவே கொடுத்து வருகிறார்கள். அதற்காக அந்த வாக்கையே நம்பிப் பாட்டை எல்லாம் அங்கே பூட்டி வைக்கச் சொல்லமாட்டேன்.

பெரியபாளையத்துச் சிறு பதிவறைக்கு எது என்று என்னைக் கேட்டால், நான் “ரீப்பர்” பக்கம் கை காட்டுவேன். வின்ஆம்ப் என்று ஒரு பாட்டுப் பெட்டி முன்பு எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருந்ததே, அதைச் செய்த ஜஸ்டின் பிராங்கல்தான் ரீப்பரையும் செய்தவர். 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிடித்திருந்தால் தனி ஆளுக்கும் சிறு தொழிலுக்கும் விலை 60 டாலர். எனக்குப் பிடித்தது விலை மட்டுமல்ல. அதன் பாட்டுக் கோப்பு வெறும் எழுத்தாக இருக்கிறது. எந்தக் கம்ப்யூட்டரிலும் சாதாரணமாகத் திறந்து படிக்கலாம். சமையல் அறைக்குப் பூட்டே இல்லை! குறையும் உண்டு. பார்ப்பதற்கு அழகு போதாது. முதல் வாரம் தலை சுற்றும். கூடவே வரும் இசைக் கருவி ஒலிகளும் குறைவு.

ஒரு காசும் செலவழிக்க முடியாதவர்கள் என்ன செய்வது? குரலை மட்டும் பதிவு செய்து வெட்டி ஒட்ட 2000-ல் வெளிவந்த “ஆடாசிட்டி” போதும். அதன் மூல எழுத்து எல்லோருக்கும் பொது. 2021-ல் அதை ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டபோது, பிடிக்காத சிலர் அதே மூலத்தை வைத்துத் தனிக்கடை போட்டார்கள். மூலம் பொதுவாக இருந்தால் இந்தச் சௌகரியம் உண்டு. தடங்கள் பல வேண்டும், மிடி வேண்டும் என்றால் கேக்வாக்குக்குப் பழகிய கைக்குப் புதிய சோனாரின் இலவசப் பகுதியே சுலபம். மூன்று முறை கைமாறிய சரக்கு நான்காம் முறையும் மாறலாம் என்று தெரிந்துகொண்டு அதைப் பயன்படுத்துங்கள்.

பெயருக்கு முன்னால் ஒரு சின்ன சோதனை. தடத்தின் பெயரைத் தமிழில் “பம்பை” என்று அடித்துப் பாருங்கள். எழுத்து வராமல் கட்டம் கட்டமாக வந்தால், அந்தச் சாப்ட்வேரைச் செய்தவர்கள் நம்மை நினைக்கவே இல்லை என்று அர்த்தம். ஐந்துக்கும் ஏழுக்கும் தாளக் கணக்கு வைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். எல்லாச் சாப்ட்வேரும் திறந்தவுடன் நாலு எண்ணிக்கையில்தான் நிற்கும். பம்பைக்காரரை அந்த டிக் டிக் சத்தத்துக்கு அடிக்கச் சொன்னால் அவர் கையே ஓடாது. சத்தத்தை நிறுத்திவிட்டு அவர் போக்கில் விடுங்கள்.

வீடு மாற்றுவது எப்படி?

சாமான்களை இறக்காமல் பழைய வீட்டைக் காலி செய்யக்கூடாது. பழைய சாப்ட்வேர் இன்னும் திறக்கிறது என்றால் இன்றைக்கே தொடங்குங்கள். உரிமையை இன்டர்நெட் வழியாக அவ்வப்போது புதுப்பிக்கவேண்டிய சாப்ட்வேர் என்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு பாட்டாகத் திறந்து, எல்லாத் தடங்களையும் வேவ் கோப்பாக எடுக்கவேண்டும். முக்கியமான சங்கதி: எல்லாத் தடமும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கவேண்டும். பாடகர் இரண்டாவது நிமிஷத்தில்தான் வாய் திறக்கிறார் என்றாலும் அவருடைய தடம் முதல் நொடியில் தொடங்கட்டும். நடுவில் மௌனமாக இருக்கட்டும். அப்போதுதான் புதிய இடத்தில் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்தால் தானாகப் பொருந்தும். இதைச் செய்யாமல் துண்டு துண்டாக எடுத்துவிட்டு, பம்பை எங்கே சேரும் என்று தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுவதுதான்.

குரலுக்கு எதிரொலி முதலிய அலங்காரம் செய்திருந்தால், அலங்காரத்தோடு ஒரு பிரதி, அலங்காரம் இல்லாமல் ஒரு பிரதி, இரண்டும் எடுங்கள். கேக்வாக்கோடு வந்த அலங்காரக் கருவிகள் வேறு சாப்ட்வேரில் கிடைக்காமல் போகலாம். கீபோர்டு தடத்தை மிடியாகவும் எடுங்கள், ஒலியாகவும் எடுங்கள். சுருதி, தாளம், வேகம், பாடியவர் பெயர், தேதி, பாட்டின் வரிகள் இவ்வளவையும் ஒரு நோட்டில் பேனாவால் எழுதுங்கள். நோட்டுக்குப் புதிய பதிப்பு தேவைப்படாது!

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று பயப்படாதீர்கள். நல்ல தரத்தில் ஒரு தடம், ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 8.6 எம்.பி. ஐந்து நிமிஷப் பாட்டில் இருபது தடம் இருந்தால் ஏறக்குறைய 864 எம்.பி. ஒரு ஜி.பி.கூட இல்லை. நூறு பாட்டு இருந்தாலும் ஒரு சாதாரண டிஸ்கில் அடங்கிவிடும். அந்த டிஸ்கை இரண்டாக வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில். இன்னொன்று தங்கை வீட்டிலோ மாமியார் வீட்டிலோ இருக்கட்டும். வெள்ளம் வந்தால் இரண்டு வீடும் ஒரே நாளில் முழுகாது.

காலம் பார்த்து மாறவேண்டும். ஆனி மாதக் கடைசியில், ஆடிப் பாட்டுக்கு ஆள் காத்திருக்கும்போது, புதிய சாப்ட்வேரில் கை வைப்பது வீண் வம்பு. திருவிழாக் கூட்டம் ஓய்ந்த பிறகு தொடங்குங்கள். பாதியில் நிற்கும் பாட்டுகளைப் பழையதிலேயே முடியுங்கள். புதியதில் குழந்தையின் பிறந்தநாள் பாட்டு மாதிரிச் சின்னதாக ஒன்றைச் செய்து பாருங்கள். பாடுகிறவர் பாடினால் அவர் காதுக்கு அந்தக் குரல் தாமதமாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால், மைக் மாட்டும் பெட்டிக்கு உரிய டிரைவரைச் சரி செய்த பிறகே அடுத்த வேலை.

“இவ்வளவு பாடு எதற்கு? பெரிய சாப்ட்வேரைத் திருட்டுப் பிரதியாகப் போட்டுத் தருகிறேன்” என்று முன்னூறு, ஐந்நூறுக்குப் பேசுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதோடு என்ன வைரஸ் வரும் என்று அவருக்கே தெரியாது. மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கிய கம்ப்யூட்டரில் அதை இறக்க நான் சம்மதிக்கமாட்டேன். பாட்டு எழுதிப் பிழைக்கிற நாமே இன்னொருவர் எழுதியதைத் திருடினால், நம் பாட்டை எவனோ திருடி யூடியூபில் போடும்போது எந்த வாயால் கேட்பது?

பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது என்றும் கேட்பார்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்து வந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. அதனால் பழைய பெட்டியில் பாங்கி வேலை, கடிதப் போக்குவரத்து எதுவும் வேண்டாம். ஆனால் காயலான் கடைக்கும் உடனே அனுப்பிவிடாதீர்கள். எடுத்த தடங்களில் ஏதாவது ஒன்று ஊமையாக இருக்கிறது என்பது பெரும்பாலும் ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். அடுத்த ஆடி வரைக்கும் அது அறை மூலையிலேயே இருக்கட்டும். எலி மட்டும் ஒயரைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.